தெருவில் கழிவுநீர்: மனு போய்ச் சேர வேண்டிய மேசை எது?

சென்னையில் ஒரு மனு கிடப்பில் போனால் அதிகாரியின் அலட்சியம்தான் காரணம் என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். அலட்சியம் இல்லாமல் இல்லை. ஆனால் எத்தனையோ மனுக்கள் அதற்கு முன்பே, 'பெறுநர்' என்ற இடத்திலேயே உயிரை விட்டுவிடுகின்றன. தெருவில் கறுப்புத் தண்ணீர் தேங்குகிறது என்று மாநகராட்சிக்கு எழுதுவார்கள். வழிவது குடிநீர் வாரியத்தின் குழாய். மனு பத்து நாள் மேசை மாறி மேசை போய், 'வேறு துறைக்கு உரியது' என்ற குறிப்போடு முடித்து வைக்கப்படும். புகார் கொடுத்தவரின் போனுக்குப் புகார் முடிந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வரும். தண்ணீர் அங்கேயே நிற்கும்.

இந்தக் கழிவுநீர்ப் புகாரையே எடுத்துக்கொள்வோம். நகரத்தில் அதிகம் குழப்பம் நடப்பது இதில்தான்.

எழுத உட்காரும் முன் தெருவில் இறங்கி மூடியைப் பாருங்கள். சாலையின் நடுவிலோ நடுவுக்குச் சற்றுத் தள்ளியோ வட்டமாக இருப்பது பெரும்பாலும் பாதாளச் சாக்கடையின் மூடி. வாரியத்தார் அதை இப்போது 'இயந்திர நுழைவாயில்' என்று எழுதுகிறார்கள், வாய்வழக்கில் இன்னும் மேன்ஹோல்தான். இது குடிநீர் வாரியத்துக்கு உரியது. சாலை ஓரமாக, நடைபாதைக்கு அடியில் ஓடும் கான்கிரீட் வடிகாலும் அதன் மேலிருக்கும் சதுர, செவ்வக மூடிகளும் மழைநீர் வடிகால். அது மாநகராட்சியின் பொறுப்பு. இரண்டும் ஒரே தெருவில் ஐந்தடி இடைவெளியில் ஓடும். மூன்றாவதாக ஒன்று உண்டு: வீட்டுக் காம்பவுண்டுக்குள் இருக்கும் தொட்டி. அடைப்பு அதற்குள் என்றால் செலவும் வேலையும் வீட்டுக்காரருடையது, அரசு அலுவலகத்துக்கு அலைந்து பயனில்லை.

மூடியை மட்டும் பார்த்தால் போதாது, நேரத்தையும் கவனிக்க வேண்டும். வெயில் நாளிலேயே, குறிப்பாக எல்லா வீட்டிலும் தண்ணீர் புழங்கும் காலை நேரத்தில் வட்ட மூடி வழிந்தால் குழாயில் அடைப்பு, அல்லது கழிவுநீர் உந்து நிலையத்தில் மோட்டார் ஓடவில்லை. மழை பெய்தால் மட்டும் வழிகிறது என்றால், மொட்டை மாடித் தண்ணீரையும் வாசல் தண்ணீரையும் யாரோ பாதாளச் சாக்கடையில் இறக்கியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். இதற்கு நேர் எதிராக, ஒரு வாரமாக மழையே இல்லாமல் மழைநீர் வடிகாலுக்குள் நாற்றமடிக்கும் தண்ணீர் நின்றால், ஏதோ ஒரு கட்டடத்தின் கழிவுநீர் இணைப்பு திருட்டுத்தனமாக வடிகாலில் சேர்க்கப்பட்டிருக்கலாம். இந்த மூன்றும் மூன்று வேறு மனுக்கள். முதலாவதற்கு, அழுத்தத்தோடு தண்ணீர் பீய்ச்சி அடைப்பை நீக்கும் ஜெட் ராடிங் வண்டி வந்தால் போதும். மற்ற இரண்டுக்கும் இணைப்பைக் கண்டுபிடித்துத் துண்டிக்க வேண்டும். அங்கே 'அடைப்பை எடுத்துத் தரவும்' என்று எழுதினால் வண்டி வந்து அடைப்பை எடுத்துவிட்டுப் போய்விடும், அடுத்த மழையில் பழைய கதைதான்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். 'ஆளை இறக்கியாவது சரி செய்யுங்கள்' என்று மனுவில் எழுதாதீர்கள், தெருவில் நின்று வற்புறுத்தவும் செய்யாதீர்கள். பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் சாக்கடைக்குள் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இயந்திரம் கேளுங்கள்.

குடிநீரில் நாற்றம் அடிக்கிறது என்றால் அது தனிப் புகார், அவசரப் புகாரும்கூட. குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வருவதால், சப்ளை நின்றதும் உள்ளே அழுத்தம் குறைகிறது. துருப்பிடித்த வீட்டு இணைப்புக் குழாயில் ஓட்டை இருந்தால் அக்கம்பக்கத்துச் சாக்கடை ஊற்றை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் தண்ணீர் திறந்த முதல் சில நிமிடம் கலங்கலாகவும் பிறகு தெளிவாகவும் வருகிறது. ஊழியர் மதியம் வந்து தெளிந்த தண்ணீரைப் பார்த்து 'நல்லாத்தானே இருக்கு' என்பார். சப்ளை தொடங்கும் நேரத்தை மனுவில் எழுதி, அந்த நேரத்தில் மாதிரி எடுக்கும்படி கேளுங்கள். கிருமியைக் கொல்லச் சேர்த்த குளோரினில் குழாய்வரை எஞ்சியிருக்கும் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தியத் தர அளவுப்படி குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். எந்தெந்தக் கதவு எண்களில் நாற்றம், எதில் இல்லை என்பதை எழுதிக் கொடுத்தால் ஓட்டை எங்கே என்பதைத் தேடும் வேலை பாதி முடிந்த மாதிரி.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். தெருவிளக்கு மாநகராட்சி, வீட்டு மின்சாரமும் தெருவோர மின்பெட்டியான பில்லர் பாக்ஸும் மின்வாரியம். விளக்குப் புகாரில் கம்ப எண் இல்லாவிட்டால் புகாரே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உட்புறச் சாலைகளை மண்டல அலுவலகம் பார்க்கும். பேருந்து ஓடும் சாலைகளுக்கு மாநகராட்சியிலேயே தனிப் பிரிவு. அண்ணா சாலை, நூறடிச் சாலை போன்றவை நெடுஞ்சாலைத் துறையின் கையில். அடையாறு, கூவம், பக்கிங்காம் கால்வாய் நீர்வளத் துறைக்கு உரியவை. பல்லாவரம், குரோம்பேட்டைக்காரர்கள் சென்னை மாநகராட்சிக்கு எழுதி ஏமாறுவது இன்னும் நடக்கிறது. 2021 முதல் அது தாம்பரம் மாநகராட்சி. ஆவடியும் தனி மாநகராட்சி.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குக் குப்பைப் புகாரோடு போகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ராஜாஜி சாலையில் வரிசையில் நின்று கொடுக்கும் மனுவை ஆட்சியர் அலுவலகம் ஒரு கடிதத்தோடு மாநகராட்சிக்கு அனுப்பி வைக்கும், அவ்வளவுதான். பட்டா, வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை, அரசு நில ஆக்கிரமிப்பு என்றால் அங்கே போவது சரி.

எந்தத் துறை என்று தெரிந்தபின் எந்த மேசை? 2011-இல் நகர எல்லை விரிந்தபோது மாநகராட்சி 15 மண்டலங்கள், 200 வார்டுகள் என்று அமைந்தது. சொத்துவரி ரசீதில் உள்ள நீண்ட எண்ணின் தொடக்கத்தில் மண்டல எண்ணும் அடுத்து வார்டு எண்ணும் இருக்கும். வார்டு எல்லைகள் பின்னால் மாற்றப்பட்டிருப்பதால் அதை ஒரு முறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. வார்டுக்குப் பொறுப்பு உதவிப் பொறியாளர், பேச்சு வழக்கில் ஏ.இ.; அவருக்கு மேல் உதவி செயற்பொறியாளர், செயற்பொறியாளர், மண்டல அலுவலர். குப்பைக்குத் துப்புரவு ஆய்வாளர். குடிநீர் வாரியத்தில் அடிமட்டம் டெப்போ, அங்கேயும் ஓர் ஏ.இ.; அதற்கு மேல் பகுதிப் பொறியாளர். பகுதி அலுவலக எண் மாநகராட்சி மண்டல எண்ணையே பின்பற்றுவது நமக்கு ஒரு வசதி.

முதல் புகார் போனிலேயே இருக்கட்டும். மாநகராட்சிக்கு 1913. ரிப்பன் மாளிகை திறக்கப்பட்ட ஆண்டும் 1913 என்பதால் மறக்காது. குடிநீர் வாரியத்துக்கு 044-4567 4567 அல்லது 1916, மின்சாரத்துக்கு மின்னகம் 94987 94987. இந்த அழைப்பின் பலன் உடனே ஆள் வருவது மட்டுமல்ல. கிடைக்கும் புகார் எண்தான் பிறகு எழுதப்போகும் மனுவின் முதுகெலும்பு. எண், தேதி, நேரம் மூன்றையும் குறித்துவையுங்கள். தெருப் பெயரைச் சொல்லும்போது பகுதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளையார் கோயில் தெருவும் காந்தி தெருவும் இந்த நகரத்தில் எத்தனை என்று யாராலும் எண்ண முடியாது. கதவு எண்ணிலும் பழையது, புதியது இரண்டையும் கொடுங்கள்; ஊழியர் வேறு வாசலில் நின்றுவிட்டு 'அப்படி எதுவும் இல்லை' என்று எழுதிவிட்டுப் போவதற்கு இரண்டில் ஒன்று விட்டுப்போனாலே போதும்.

இரண்டு முறை போனில் சொல்லியும் நடக்காவிட்டால் எழுத்து மனு. அதற்கு முன் மூன்று படம் எடுங்கள். முதல் படத்தில் தெருப்பலகையோ கடைப்பெயரோ தெரிய வேண்டும். இரண்டாவதில் மூடியும் அருகிலிருக்கும் வீட்டு வாசலும் சேர்ந்து தெரிய வேண்டும். மூன்றாவது, வழியும் இடத்தின் நெருக்கமான படம். தேதி, நேரம், இடக் குறியீடு படத்திலேயே பதியும் கேமரா செயலி இலவசமாகவே கிடைக்கிறது. வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படத்தை இணைக்காதீர்கள், அது என்றைக்கு எடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

மனு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. ஒரு மனுவில் ஒரு குறைதான் இருக்க வேண்டும். குப்பை, நாய், விளக்கு, சாக்கடை எல்லாவற்றையும் ஒரே தாளில் அடுக்கினால், எது எளிதோ அதைச் செய்துவிட்டு மொத்த மனுவையும் முடித்துவிடுவார்கள். 'வரி கட்டுகிறோம், எங்களை மனிதர்களாகவே மதிப்பதில்லை' என்று தொடங்கும் பத்தியை எழுத மனம் துடிக்கும். எழுதி ஆற்றிக்கொண்டு, அனுப்பும் பிரதியில் அடித்துவிடுங்கள். நியாயம்தான், ஆனால் ஏ.இ.க்கு வேண்டியது மூடி எங்கே இருக்கிறது என்பது. இப்படி இருந்தால் போதும்:

பெறுநர்: பகுதிப் பொறியாளர், பகுதி அலுவலகம் எண் …, சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம்.
பொருள்: … தெரு, கதவு எண் 14 எதிரில் கழிவுநீர் வழிதல் – அடைப்பு நீக்கக் கோருதல்.
பார்வை: தொலைபேசிப் புகார் எண்கள் …, நாள் …
ஐயா, மேற்படி இடத்தில் உள்ள இயந்திர நுழைவாயிலிலிருந்து கடந்த 11 நாட்களாகத் தினமும் காலை 6 முதல் 9 மணி வரை கழிவுநீர் வழிகிறது. மழை இல்லாத நாட்களிலும் இதே நிலை. கதவு எண் 10 முதல் 22 வரை பாதிப்பு. பார்வையில் கண்ட புகார்கள் முடிக்கப்பட்டதாகத் தகவல் வந்துள்ளது, நிலை மாறவில்லை. தாங்கள் (1) இயந்திரம் கொண்டு அடைப்பை நீக்கவும், (2) அடைப்பு திரும்ப வருவதற்கான காரணத்தை ஆய்வு செய்யவும், (3) எடுத்த நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்கவும் வேண்டுகிறேன். இணைப்பு: படங்கள் 3.

இதில் மூன்றாவது கோரிக்கையை விட்டுவிடாதீர்கள். பதில் கேட்காத மனுவுக்குப் பதில் வராது.

நகல் போடும் ஆசையைக் கட்டுப்படுத்த வேண்டும். முதல்வர், அமைச்சர், ஆணையர், மேயர், பத்திரிகைகள் என்று பதினான்கு பேருக்கு நகல் போன மனுவை, மற்றவர் யாராவது பார்த்துக்கொள்வார் என்று பதினான்கு பேரும் விட்டுவிடுவார்கள். ஒரு பெறுநர், நேர் மேலதிகாரிக்கு ஒரு நகல், வார்டு கவுன்சிலருக்கு ஒரு நகல். கவுன்சிலரை ஒதுக்கிவிட்டுப் போக வேண்டியதில்லை. வண்டி எந்தத் தெருவுக்கு முதலில் வரும் என்பதில் அவர் சொல்லுக்கு எடை உண்டு.

கையெழுத்து எத்தனை வேண்டும்? இருநூறு பேர் வேண்டாம். பாதிக்கப்பட்ட வீடுகளிலிருந்து பத்துப் பேர், ஒவ்வொருவரும் கதவு எண்ணோடு. ஊருக்கே சம்பந்தமில்லாத கையெழுத்துகளால் மனு கனமாவதில்லை. பக்கத்து வீட்டு ஆக்கிரமிப்பு, விதிமீறிய கட்டடம் போன்ற புகார்களில் மட்டும் நிதானம் தேவை. பெயரை ரகசியமாக வைக்கக் கோரலாம். கோரினாலும் மாலைக்குள் பெயர் வெளியே போய்விடுவது நம் ஊர் வழக்கம். குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் கொடுப்பது பாதுகாப்பு. கேட்காதவரை ஆதார் நகல் இணைக்க வேண்டாம்.

கொடுக்கும்போது இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வரிசை எண்ணும் வாங்குங்கள். 'ஏ.இ. சைட்டுக்குப் போயிருக்கார், அவர்கிட்டயே குடுத்துடுங்க சார்' என்பார்கள். ஏ.இ.யைப் பார்ப்பது நல்லதுதான், படத்தைக் காட்டிப் பேசுங்கள். ஆனால் மூலப் பிரதியை அவர் கையில் கொடுத்தால் அது அவர் பைக்கோடு போய்விடும். தபாலில் பதிவு செய்யுங்கள், அவருக்கு ஒரு ஜெராக்ஸ் கொடுங்கள். முத்திரை தர மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், பக்கத்துத் தபால் நிலையத்துக்குப் போங்கள். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் தனியாக இல்லை, விரைவுத் தபாலோடு சேர்க்கப்பட்டுவிட்டது. ரசீதையும் விநியோக நிலையைக் காட்டும் இணையப் பக்கத்தின் அச்சையும் சேர்த்து வையுங்கள்.

குடிநீர் வாரியத்துக்கு இன்னொரு வழி உண்டு. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை காலையில் பகுதி அலுவலகங்களில் குறைதீர்க்கும் திறந்தவெளிக் கூட்டம் நடப்பது வழக்கம். கூட்டம் அதிகமிருக்காது, மேலதிகாரியும் எதிரில் இருப்பார். முத்திரை வாங்கிய மனுவோடு அங்கே போவது, வெறும் வாயோடு போவதைவிட மிகவும் பயன் தரும்.

இனி காத்திருக்கும் காலம். பொதுமக்கள் மனுவுக்கு மூன்று நாளில் ஒப்புகை, அதிகபட்சம் ஒரு மாதத்தில் முடிவு என்று தமிழக அரசின் பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை 2015 செப்டம்பர் 21-இல் அரசாணை எண் 99-ஐ வெளியிட்டிருக்கிறது. அதை முதல் மனுவிலேயே காட்டி மிரட்ட வேண்டாம், நினைவூட்டுக் கடிதத்தில் ஒரு வரியாக வைத்துக்கொள்ளலாம்.

பதில் வந்தால் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். 'மேல்நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது' என்றால் இன்னும் யாரும் தொடவில்லை. யாருக்கு, எந்தக் கடித எண்ணில் அனுப்பினார்கள் என்று கேளுங்கள். 'நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது' என்பதற்குத் தேதி கேட்பதைத் தவிர வேறு மருந்தில்லை. 'மதிப்பீடு தயாரிக்கப்பட்டுள்ளது, நிதி பெற்றபின் பணி மேற்கொள்ளப்படும்' என்பது இவற்றிலேயே நல்ல பதில். காகிதத்தில் ஒரு தொகை பிறந்துவிட்டது என்று பொருள். மதிப்பீட்டின் எண்ணையும் தொகையையும் வாங்கிவிட்டால், கவுன்சிலரிடமோ சட்டமன்ற உறுப்பினரிடமோ அவர்களது மேம்பாட்டு நிதியிலிருந்து அந்தக் குறிப்பிட்ட வேலையைக் கேட்க முடியும். புதிய குழாய், புதிய வடிகால் போன்ற கோரிக்கைகள் மாநகராட்சி வரவு செலவுத் திட்டத்துக்கு முன்பே, அதாவது டிசம்பர், ஜனவரியிலேயே உள்ளே போயிருக்க வேண்டும். தூர் வாரும் கோரிக்கைக்கு ஜூன், ஜூலை. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கியபின் கொடுத்தால் அவர்களால் மோட்டார் வைத்து இறைக்கத்தான் முடியும்.

முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-க்குச் சொல்லலாமா, முதல்வரின் தனிப்பிரிவுக்கு எழுதலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. ஆனால் அந்த மனுவும் படிப்படியாக இறங்கி அதே ஏ.இ. மேசைக்குத்தான் வரும். கூடவே ஒரு கெடு தேதியும் மேலிடத்துக் கண்காணிப்பும் வருவதுதான் லாபம். அதனால் கீழே மனு கொடுத்து ஒரு மாதம் கழித்து, அந்த முத்திரைப் பிரதியை இணைத்து அனுப்பினால்தான் அந்த லாபம் முழுதாகக் கிடைக்கும். ஒரே நாளில் எல்லா இடத்திலும் போட்டால், எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே பதிலில் முடித்துவிடுவார்கள்.

அதற்கும் அசையாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், தமிழக அரசின் இணையதளத்திலும் விண்ணப்பிக்கலாம். இங்கே பெரும்பாலோர் செய்யும் தவறு 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?' என்று கேட்பது. 'ஏன்' என்பதற்கு ஆவணம் கிடையாது, ஆகவே பதிலும் கிடையாது. இப்படிக் கேளுங்கள்: இந்த நாளிட்ட என் மனு எந்தெந்த அலுவலர் மேசையில் எத்தனை நாள் இருந்தது, பதவிப்பெயர் வாரியாக, அந்தக் கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல், இந்தத் தெருவில் கடந்த ஓராண்டில் தூர் வாரிய நாட்களின் பதிவேட்டு நகல், புகார் எண் இன்னது முடிக்கப்பட்டதற்கான கள ஆய்வு அறிக்கை. இந்த நான்கு வரி ஏ.இ. மேசைக்குப் போனதும், 30 நாள் முடியும் முன்பே வண்டி வந்துவிடுவது உண்டு. சாலையைத் தோண்டிவிட்டு மூடாமல் போனவர்கள் மீதான புகாருக்கும் இதே வழிதான்: சாலை வெட்டு அனுமதியின் நகலையும் சீரமைப்புக் கட்டணம் கட்டப்பட்ட விவரத்தையும் கேளுங்கள்.

தகவல் விண்ணப்பத்தை நீங்கள் தவறான துறைக்கு அனுப்பியிருந்தாலும் ஐந்து நாளில் உரிய துறைக்கு மாற்ற வேண்டும் என்பது பிரிவு 6(3). பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையத்தில் வரிசை நீளம், அதை நம்பிச் சாக்கடையைக் காயப்போட முடியாது.

உயர் நீதிமன்றம் கடைசி. அங்கே பெரும்பாலும் கிடைப்பது 'மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடுங்கள்' என்ற உத்தரவு. பரிசீலித்து மறுத்தாலும் அது உத்தரவை நிறைவேற்றியதாகவே ஆகும். அந்த உத்தரவுக்கும் முத்திரை வாங்கிய மனுவும் தபால் ரசீதும்தான் கேட்கப்படும். லஞ்சம், முறைகேடு பற்றிய புகார் என்றால் 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உள்ளாட்சி முறைமன்ற நடுவம் இருக்கிறது. வெறும் தாமதத்துக்கு அங்கே போக வேண்டாம்.

வேலை முடிந்த அன்று, முன்பு நின்ற அதே இடங்களில் நின்று மறுபடி மூன்று படம் எடுத்து, தேதியோடு அதே கோப்பில் போட்டுவையுங்கள். ஜெட் ராடிங் செய்த குழாய் மூன்று மாதத்தில் மறுபடி அடைத்துக்கொண்டால், அடுத்த மனுவின் 'பார்வை' வரியில் இந்தத் தேதியும் இந்தப் புகார் எண்ணும் முதலில் வரும். அப்போது கேட்க வேண்டியது அடைப்பு நீக்கம் அல்ல, அந்த நீளத்துக்குக் குழாய் மாற்றம்.